தேடுதலில் கஞ்சா, தம்பி கைது: குடும்பத்தின் கையில் என்ன இருக்கிறது?

கேள்வி இதுதான்: "நேற்று இரவு ஒன்பதரை மணிக்கு மஃப்டியில் நான்கு பேர் வீட்டுக்கு வந்தார்கள். என் 22 வயதுத் தம்பியின் அறையைப் புரட்டிப் போட்டு, 1.2 கிலோ கஞ்சா இருந்தது என்று சொல்லி அவனைக் கூட்டிப் போய்விட்டார்கள். அப்பா பெயரில் உள்ள பைக்கையும் எடுத்துப் போனார்கள். இப்போது அம்மாவை ஸ்டேஷனுக்கு வந்து சில தாள்களில் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். எங்களுக்கு ஏதாவது உரிமை இருக்கிறதா?"

நிறையவே இருக்கிறது. ஆனால் நேரம் கடந்தால் அவற்றில் பாதி கரைந்துவிடும். இதுபோன்ற வழக்குகளை நடத்திய அனுபவத்தில் சொல்கிறேன்: போதைப்பொருள் வழக்கைத் தீர்மானிப்பவை இரண்டு, எடையும் நேரமும். எத்தனை கிராம் என்பதும், எந்த மணிக்கு என்ன நடந்தது என்பதும்தான். குடும்பங்களோ முதல் இரண்டு நாளையும் "யாரைப் பிடித்தால் வேலை நடக்கும்" என்று அலைவதிலேயே செலவழித்துவிடுகின்றன.

முதலில் அம்மா விஷயம். அவர் ஸ்டேஷனுக்குப் போக வேண்டியதில்லை. சாட்சியாக விசாரிப்பதென்றால், பெண்களையும் 60 வயதைத் தாண்டியவர்களையும் அவர்கள் வசிக்கும் இடத்தில்தான் விசாரிக்க வேண்டும் என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 179ஆம் பிரிவு சொல்கிறது. 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் இருப்பது இந்தச் சட்டம்தான். போலீசிடம் சாட்சி சொல்லும் வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கவே கூடாது என்பது 181ஆம் பிரிவு. வெற்றுத் தாளில் கையெழுத்து என்ற பேச்சுக்கே இடமில்லை. "வக்கீலைக் கேட்டுச் சொல்கிறோம்" என்று மரியாதையாகச் சொல்லுங்கள், சண்டை வேண்டாம். ஒன்று மட்டும் விதிவிலக்கு: வீட்டில் சோதனை நடந்தபோது எழுதிய மகஜரின் நகல் வீட்டுக்காரருக்குத் தரப்பட வேண்டும். அதைப் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து கேட்டால், முழுக்கப் படித்துப் பார்த்து, தேதியும் நேரமும் உங்கள் கையாலேயே எழுதிப் போடலாம்.

அடுத்து, இன்றே ஒரு நோட்டை எடுத்து எழுதுங்கள். எத்தனை மணிக்கு வந்தார்கள், எத்தனை பேர், பெண் போலீஸ் இருந்தாரா, எந்த வண்டி, எந்த அறை, எதிலிருந்து எடுத்தார்கள், உங்கள் கண் முன்னால் எடை போட்டார்களா, சீல் வைத்தார்களா, செல்போனில் வீடியோ எடுத்தார்களா, தெருவிலிருந்து யாரையாவது சாட்சிக்குக் கூப்பிட்டார்களா. எதிர்வீட்டில் கேமரா இருந்தால் அந்தப் பதிவை இன்றே கேட்டு வாங்குங்கள், அது தானாக அழிந்துபோகும். ஒன்பதரைக்கு வீட்டில் பிடித்த ஆளை மறுநாள் காலை ஆறு மணிக்குப் பேருந்து நிலையம் அருகே "சந்தேகத்துக்கு இடமான வகையில் நின்றிருந்தவரை" பிடித்ததாக எஃப்.ஐ.ஆரில் எழுதினால், அதை உடைக்க உங்களிடம் வேறு ஆயுதம் கிடையாது. அந்தக் காலத்தில் வக்கீல்கள் செய்யச் சொல்லும் முதல் வேலை, மாஜிஸ்திரேட்டுக்கும் எஸ்.பி.க்கும் தந்தி அடிப்பது. தந்தியில் விழும் நேர முத்திரை அவ்வளவு பெரிய சாட்சி. 2013 ஜூலையில் தந்தி சேவை போய்விட்டது. இப்போது அதே வேலையை மின்னஞ்சலும் ஸ்பீட் போஸ்டும் செய்யும். "இன்ன நேரத்தில் இன்னாரை இங்கிருந்து அழைத்துச் சென்றார்கள், இதுவரை தகவல் இல்லை" என்று நான்கு வரி போதும்.

கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும், பயண நேரம் தனி. இது அரசியலமைப்பின் 22ஆம் உறுப்பு. கைதுக் குறிப்பாணை எழுதி, குடும்பத்தில் ஒருவரோ அந்தப் பகுதியில் மதிப்புள்ள ஒருவரோ அதில் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். எங்கே வைத்திருக்கிறார்கள் என்பதை உறவினருக்குத் தெரிவிக்க வேண்டும். 1996 டிசம்பரில் டி.கே.பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த இந்த விதிகள் இப்போது மேலே சொன்ன புதிய சட்டத்திலேயே 36, 48ஆம் பிரிவுகளாக உட்கார்ந்திருக்கின்றன. விசாரணையின்போது தனக்கு விருப்பமான வக்கீலைச் சந்திக்கும் உரிமை 38ஆம் பிரிவில் இருக்கிறது. விசாரணை முழுக்க வக்கீல் பக்கத்திலேயே உட்கார முடியாது, இடையில் பார்க்கலாம்.

இதில் அண்மையில் கிடைத்த பெரிய பிடி, கைதுக்கான காரணங்களை எழுத்தில் கேட்பது. 2025 நவம்பரில் மிஹிர் ராஜேஷ் ஷா வழக்கில் உச்ச நீதிமன்றம், எந்தக் குற்றமாக இருந்தாலும் கைதுக்கான காரணங்களை எழுத்து மூலம், கைதானவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்றது. உடனடியாக முடியாத சூழ்நிலையில்கூட, ரிமாண்டுக்கு நிறுத்துவதற்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் முன்னதாகத் தந்தாக வேண்டும். "போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி கைது" என்று பிரிவு எண்ணை எழுதிய ஒற்றை வரி போதாது. இந்த ஆளை எதற்காக என்று அதில் இருக்க வேண்டும். தம்பிக்குத் தமிழ் மட்டும் தெரியும், தாள் ஆங்கிலத்தில் இருந்தது என்றால், ரிமாண்ட் அன்றே வக்கீல் அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

இனி அந்த இரவுச் சோதனை. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் மிகக் கடுமையானது, அதனாலேயே அதற்குள் சில பூட்டுகளையும் வைத்திருக்கிறார்கள். 42ஆம் பிரிவுப்படி, வாரண்ட் இல்லாமல் வீட்டுக்குள் நுழைந்து சோதிக்க சூரிய உதயத்திலிருந்து அஸ்தமனம் வரைதான் பொதுவான அனுமதி. இரவில் நுழைய வேண்டுமானால், வாரண்டுக்குக் காத்திருந்தால் பொருளை மறைத்துவிடுவார்கள் என்று நம்புவதற்கான காரணத்தை அதிகாரி எழுதிவைக்க வேண்டும். கிடைத்த தகவலையும் அந்தக் காரணத்தையும் 72 மணி நேரத்துக்குள் மேலதிகாரிக்கு அனுப்ப வேண்டும். 2009இல் கர்னைல் சிங் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு இதை அலசி, தாமதத்துக்கு விளக்கம் இருந்தால் ஏற்கலாம், ஆனால் செய்யவே இல்லை என்றால் ஏற்க முடியாது என்றது. உங்கள் தம்பியின் வழக்கில் முதலில் நோண்ட வேண்டிய இடம் இது. ஒன்பதரை மணி என்று நோட்டில் எழுதச் சொன்னது இதற்காகத்தான்.

அடிக்கடி குழம்பும் இடம் 50ஆம் பிரிவு. கெஜட்டட் அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன்னிலையில்தான் தன்னைச் சோதிக்க வேண்டும் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு என்பதை, சோதிக்கும் முன் அந்த நபரிடமே சொல்ல வேண்டும். சும்மா கேட்டுக்கொண்டால் போதாது, உரிமை என்றே தெரிவிக்க வேண்டும் என்று விஜய்சிங் ஜடேஜா வழக்கில் அரசியல் சாசன அமர்வு தெளிவாக்கியது. ஆனால் இது உடம்பைச் சோதிப்பதற்கு மட்டும். பை, அலமாரி, மெத்தையின் அடிப்பகுதி, வண்டிப்பெட்டி எதற்கும் பொருந்தாது. தம்பியின் சட்டைப் பையில் எடுத்தார்களா, அறையிலிருந்து எடுத்தார்களா என்பதைப் பொறுத்து இந்த வாதம் உயிரோடு இருக்கும் அல்லது இருக்காது. "50ஆம் பிரிவு மீறல், கேஸ் நிற்காது" என்று எடுத்த எடுப்பில் உறுதி தரும் வக்கீலிடம் இதைக் கேளுங்கள். பெண்ணைச் சோதிப்பதென்றால் பெண்தான் சோதிக்க வேண்டும், அதில் விலக்கே இல்லை.

புதிய சட்டத்தின் 105ஆம் பிரிவு, சோதனையையும் பறிமுதலையும் ஒலி, ஒளிப்பதிவு செய்து தாமதமின்றி மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்பச் சொல்கிறது. அந்தப் பதிவைப் பாதுகாக்கும்படி வக்கீல் முதல் வாரத்திலேயே மனுப் போட வேண்டும். ஸ்டேஷன் சிசிடிவி பதிவுக்கும் அப்படித்தான். ஒவ்வொரு காவல் நிலையத்திலும் கேமரா இருக்க வேண்டும், பதிவைக் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும் என்பது 2020 டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில் வந்த உத்தரவு. கேட்காதவருக்குப் பதிவு எப்போதும் "பழுது"தான்.

இப்போது எடைக்கு வருவோம், உங்கள் கேள்வியிலேயே கனமான பகுதி இது. கஞ்சாவில் ஒரு கிலோவுக்குக் கீழே என்றால் சிறு அளவு, அதிகபட்சம் ஓராண்டுச் சிறை அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு, குறைந்தபட்சமே பத்தாண்டு, அதிகபட்சம் இருபது, ஒன்று முதல் இரண்டு லட்சம் ரூபாய் அபராதம். நடுவில் உள்ளதற்குப் பத்தாண்டு வரை, ஒரு லட்சம் வரை அபராதம். மற்ற பொருட்களுக்கு வரம்பு வேறு: ஹெராயினுக்கு 5 கிராமும் 250 கிராமும், மெத்தாம்ஃபெட்டமினுக்கு 2 கிராமும் 50 கிராமும். மாவோ சர்க்கரையோ கலந்திருந்தாலும் மொத்தக் கலவையின் எடைதான் கணக்கு என்று 2020இல் ஹீரா சிங் தீர்ப்பு சொல்லிவிட்டது.

உங்கள் தம்பிக்குச் சொல்லப்படுவது 1.2 கிலோ. அந்த 200 கிராம்தான் ஓராண்டுக்கும் பத்தாண்டுக்கும் நடுவே நிற்கிறது. எனவே பையோடு சேர்த்து எடை போட்டார்களா என்று பாருங்கள். ஈரமாக இருந்ததா? சட்டத்தின் வரையறைப்படி கஞ்சா என்பது செடியின் பூக்கும், காய்க்கும் நுனிப்பகுதி. நுனியோடு சேராமல் தனியாக இருக்கும் இலையும் விதையும் கஞ்சா ஆகாது. பொட்டலத்துக்குள் என்ன இருந்தது என்பதை மகஜரும் ஆய்வகமும் எப்படி எழுதியிருக்கின்றன என்று வார்த்தை வார்த்தையாகப் படிக்க வேண்டும். 52ஏ பிரிவுப்படி மாஜிஸ்திரேட் முன்னிலையில் பட்டியல் தயாரித்து மாதிரி எடுக்கும்போது வரும் எடையும் மகஜர் எடையும் ஒத்துப்போகிறதா என்றும் பார்க்க வேண்டும். ஒரு எச்சரிக்கை: 52ஏ நடைமுறையில் குறை இருந்தாலே விடுதலை என்ற நிலை இப்போது இல்லை. அந்தக் குறை ஒன்றே வழக்கை வீழ்த்திவிடாது என்று 2025 ஜனவரியில் பாரத் அம்பாலே வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. பிடித்த அதிகாரியே விசாரித்ததால் வழக்கு செல்லாது என்ற பழைய வாதமும் 2020இல் முகேஷ் சிங் தீர்ப்போடு போய்விட்டது. இன்னும் அதை விற்றுக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள்.

வாக்குமூலம் பற்றித் தம்பியிடம் சொல்ல வாய்ப்புக் கிடைத்தால் ஒன்றுதான் சொல்லுங்கள்: பெயர், முகவரி சொல்லலாம், தனக்கு எதிராகச் சாட்சி சொல்ல யாரும் கட்டாயப்படுத்த முடியாது. போலீசிடம் சொன்ன ஒப்புதல் நீதிமன்றத்தில் செல்லாது. அந்த ஒப்புதலின் வழியாக ஏதாவது பொருள் கண்டெடுக்கப்பட்டால் அதற்குத் தொடர்பான பகுதி மட்டும் செல்லும். மத்தியப் போதைப்பொருள் தடுப்பு அமைப்பு, வருவாய்ப் புலனாய்வு போன்ற துறை அதிகாரிகள் 67ஆம் பிரிவில் வாங்கும் வாக்குமூலம் முன்பு தண்டனைக்கே அடிப்படையாக இருந்தது. 2020 அக்டோபர் 29இல் தூஃபான் சிங் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் மூன்றில் இரண்டு நீதிபதிகள் அதை ஒப்புதல் வாக்குமூலமாக ஏற்க முடியாது என்று தீர்த்தார்கள். வேறொருவன் உங்கள் தம்பி பெயரைச் சொன்னான் என்பது மட்டும் ஆதாரமாக இருந்தால் இந்தத் தீர்ப்பு பெரிய துணை. இங்கே அறையிலிருந்தே பொருள் எடுத்ததாகச் சொல்வதால் அரசுத் தரப்பு 54ஆம் பிரிவைத் தூக்கும், வைத்திருந்தவர்தான் விளக்கம் சொல்ல வேண்டும் என்ற அனுமானம் அது. அந்த அறையை வேறு யாரெல்லாம் பயன்படுத்தினார்கள், பூட்டு இருந்ததா, நண்பன் பை வைத்துவிட்டுப் போனானா என்பவை அங்கேதான் முக்கியமாகின்றன. இருந்ததை இருந்தபடி வக்கீலிடம் சொல்லுங்கள். எதையும் எடுத்து ஒளிக்கவோ, யாருடைய போனிலும் எதையும் அழிக்கவோ வேண்டாம். சாட்சியத்தை அழிப்பது தனிக் குற்றம், அதில் நீங்களும் சேர்ந்து உள்ளே போக நேரும்.

ஜாமீன். வணிக அளவு என்றால் 37ஆம் பிரிவு சுவராக நிற்கும்: குற்றம் செய்யவில்லை என்று நம்ப நியாயமான காரணம் இருக்கிறது, வெளியே வந்தால் மீண்டும் செய்ய மாட்டார் என்ற இரண்டிலும் நீதிமன்றம் திருப்தியடைய வேண்டும். 1.2 கிலோவுக்கு அந்தச் சுவர் இல்லை. சிறப்பு நீதிமன்றத்தில் சாதாரண ஜாமீன் மனுவாகவே போகலாம், முந்தைய வழக்கு ஏதும் இல்லையென்றால் வாய்ப்பு நன்றாகவே இருக்கும். தினமும் காலையில் ஸ்டேஷனில் கையெழுத்து, இரண்டு ஜாமீன்தாரர் என்று நிபந்தனை வரும். ஜாமீன்தாரர்களை இப்போதே பேசி வையுங்கள். உத்தரவு கிடைத்தும் ஆள் கிடைக்காமல் வாரக்கணக்கில் உள்ளே இருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அதற்கு அப்பால் இன்னொரு கதவு உண்டு, பலர் அதைத் தவறவிடுகிறார்கள். விசாரணையை முடித்துக் குற்றப்பத்திரிகை போட போலீசுக்குக் கெடு இருக்கிறது. வணிக அளவுக்கு 180 நாள், அதை அரசு வழக்கறிஞரின் அறிக்கையின் பேரில் ஓராண்டு வரை நீட்டலாம். பத்தாண்டு "வரை" தண்டனை உள்ள நடு அளவுக்கு 60 நாள்தான், 90 அல்ல. இதற்கு ராகேஷ் குமார் பால் தீர்ப்பை வக்கீல் காட்டுவார். நாள் கணக்கு ரிமாண்ட் செய்த தேதியிலிருந்து, அந்த நாளையும் சேர்த்து. கெடு முடிந்தும் குற்றப்பத்திரிகை வரவில்லையென்றால் ஜாமீன் உரிமையாகிவிடுகிறது, குற்றத்தின் கனம் அங்கே பேசப்படாது. ஆனால் கேட்டால்தான் கிடைக்கும், குற்றப்பத்திரிகை வருவதற்கு முன் கேட்க வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து போன எம்.ரவீந்திரன் வழக்கில் 2020இல் உச்ச நீதிமன்றம், மனுத் தாக்கல் செய்துவிட்டால் அதன் பிறகு அவசரமாகக் கொண்டுவந்து போடும் குற்றப்பத்திரிகையால் அந்த உரிமையைப் பறிக்க முடியாது என்றது. காலண்டரில் 61ஆம் நாளை இப்போதே வட்டமிடுங்கள். அன்று காலை நீதிமன்றம் திறக்கும்போது மனு தயாராக இருக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் இதற்கு மேலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஜாமீன் நெருங்கும் நேரத்தில் குண்டர் சட்டம் பாயும். 1982ஆம் ஆண்டின் 14ஆம் சட்டம் என்று தாளில் இருக்கும் அதன் பட்டியலில் போதைப்பொருள் குற்றவாளியும் உண்டு. கலெக்டரோ போலீஸ் கமிஷனரோ உத்தரவிட்டால் ஓராண்டு வரை விசாரணையின்றி வைத்திருக்கலாம், கையில் ஜாமீன் இருந்தும் பயனில்லை. உத்தரவு வந்தால், காரணங்களும் ஆவணங்களும் ஐந்து நாளுக்குள் தரப்பட வேண்டும், தம்பிக்குப் புரியும் மொழியில். உடனே அரசுக்கு எழுத்து மூலம் முறையீடு அனுப்புங்கள். அதைப் பரிசீலிக்க அரசு எடுக்கும் தாமதம், மொழிபெயர்க்காத பக்கம், படிக்க முடியாத நகல் ஆகியவைதான் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு வெல்லும் வழக்கமான வழிகள். எனவே வந்த கட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் அப்படியே பாதுகாத்து வையுங்கள், ஸ்டேப்ளர் பின்னைக் கழற்றாதீர்கள்.

வக்கீலுக்குப் பணமில்லை என்றால்: காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி கிடைக்கும், 15100 என்ற எண்ணில் அழைக்கலாம். இலவசம் என்பதால் மட்டம் என்று நினைக்காதீர்கள். ரிமாண்ட் அன்று மாஜிஸ்திரேட் முன் வெறுங்கையோடு நிற்பதைவிட ஆயிரம் மடங்கு மேல். அன்று மாஜிஸ்திரேட் "அடித்தார்களா, ஏதாவது சொல்ல வேண்டுமா" என்று கேட்பார். அடி விழுந்திருந்தால் அந்த இடத்திலேயே சொல்ல வேண்டும், பிறகு சொன்னால் "அன்றைக்கு ஏன் சொல்லவில்லை" என்றுதான் கேட்பார்கள். தம்பிக்குப் பழக்கம் இருந்து, திடீரென்று நின்றதால் நடுக்கமோ வாந்தியோ இருந்தால் அதையும் சொல்லி, சிறை மருத்துவமனையில் சிகிச்சை கேளுங்கள். எடை வாதம் நின்று சிறு அளவு என்றானால், 64ஏ பிரிவில் தானே முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சையை முழுதாக முடிப்பவருக்கு வழக்கிலிருந்து விலக்குப் பெறவும் வழி உண்டு.

கடைசியாகப் பைக். பொருளைக் கடத்தப் பயன்பட்டதாகச் சொன்னால்தான் பறிமுதலுக்குப் பேச்சே. பொருள் அறையில் எடுத்தது என்றால் பைக் எதற்கு வந்தது என்று மகஜரில் பாருங்கள். உரிமையாளருக்குத் தெரியாமல் நடந்தது, அவர் கவனமாகத்தான் இருந்தார் என்று காட்டினால் 60ஆம் பிரிவு காப்பாற்றும். வழக்கு முடியும்வரை இடைக்காலமாக வண்டியைத் திருப்பித் தரத் தடையில்லை என்று 2025 ஜனவரியில் பிஸ்வஜித் தே வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அப்பா பெயரில் ஆர்.சி., இன்சூரன்ஸ் நகல்களோடு தனியாக மனுப் போடச் சொல்லுங்கள். ஸ்டேஷன் வாசலில் வெயிலிலும் மழையிலும் நிற்கும் வண்டிகளைப் பார்த்திருப்பீர்கள், தள்ளிப்போட்டால் வாங்கி வரும்போது சாவி மட்டும்தான் மிஞ்சும்.